பி.ஹெச்.ஏ. நிரப்புவது எப்படி? அமெரிக்க ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

யூனிட்டுக்குப் போய்ச் சேர்ந்த முதல் சில வாரங்களிலேயே, உங்கள் சிறு குழுவுக்குத் தலைவரான ஸ்குவாட் லீடர் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். என்னவோ தப்பு செய்துவிட்டோம் என்று போய் நின்றால், “நீ சிவப்பில் இருக்கிறாய், வெள்ளிக்கிழமைக்குள் முடி” என்பார். சிவப்பு என்பது கணினித் திரையில் உங்கள் பெயருக்கு நேரே இருக்கும் கட்டத்தின் நிறம். முடிக்க வேண்டியது பி.ஹெச்.ஏ., அதாவது வருடாந்திர உடல்நல மதிப்பீடு. பலர் அன்றைக்கே மதிய இடைவேளையில் உட்கார்ந்து, வரிசையாக இல்லை, இல்லை, இல்லை என்று அமுக்கி, கட்டம் பச்சையாகிவிடும் என்ற நம்பிக்கையில் எழுந்து போவார்கள். என் முதல் வருடம் நானும் அதைத்தான் செய்தேன். 12 நிமிடம் ஆனது. அந்த அவசரத்துக்கு என்ன விலை கொடுத்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அமெரிக்க ராணுவத்தில் தமிழர்கள் பல வழிகளில் வந்து சேர்ந்திருக்கிறார்கள். தேவையான மொழி தெரிந்த வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொள்ள 2008-ல் அறிவிக்கப்பட்டு 2016-ல் நின்றுபோன மாவ்னி திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. கிரீன் கார்டோடு சேர்ந்தவர்கள் உண்டு, இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்காகவும், “என்னப்பா அது, மனநலம் பற்றியெல்லாம் கேட்கிறார்களாமே, ஏதாவது எழுதிவைத்து வேலைக்கு உலை வைத்துக்கொள்ளாதே” என்று போனில் பயப்படும் அவர்களுடைய அம்மா அப்பாக்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில், எந்தப் படிவம் எது?

புதிதாக வருபவர்கள் மூன்று விஷயங்களை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்கிறார்கள். மூன்றும் கணினியில்தான் நடக்கின்றன, மூன்றிலும் தூக்கம், மனநிலை, குடிப்பழக்கம் பற்றிக் கேட்கிறார்கள் என்பதால் குழப்பம் இயல்பு. ஆனால் உங்கள் பதிலைப் படிப்பவர் ஒவ்வொன்றுக்கும் வேறு. அதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

முதலாவது பி.ஹெச்.ஏ. படிவத்தின் எண் டி.டி. 3024. முழுநேரப் படையினர், பகுதிநேரப் படைகளான ரிசர்வ், நேஷனல் கார்டு எல்லோருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம். உங்கள் பதில்கள் மருத்துவக் கோப்புக்குப் போகின்றன. மருத்துவப் பணியாளர் படிக்கிறார்.

இரண்டாவது, டிப்ளாய்மென்டை, அதாவது வெளிநாட்டுப் பணிக்கு அனுப்பப்படுவதை, ஒட்டி வரும் படிவங்கள். போவதற்கு முன் ஒன்று, திரும்பும்போது ஒன்று, திரும்பிச் சில மாதங்கள் கழித்து இன்னொன்று. இவையும் மருத்துவக் கோப்புக்கே போகும்.

மூன்றாவது, அசிமத் செக். இது மருத்துவப் பரிசோதனையே இல்லை. உடல், உணர்வு, சமூகம், குடும்பம், ஆன்மிகம் என்று ஐந்து பக்கங்களில் உங்களை நீங்களே பார்த்துக்கொள்ளும் கேள்வித்தாள். இதற்கு முன் ‘காட்’ (GAT) என்று ஒரு கேள்வித்தாள் இருந்தது; பழைய சார்ஜென்ட்கள் இன்னும் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். இதன் மதிப்பெண் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். முடித்தீர்களா இல்லையா என்பது மட்டும் யூனிட்டுக்குப் போகும்.

பச்சை, சிவப்பு

பி.ஹெச்.ஏ. முடித்து 12 மாதம் ஆனால் அடுத்தது செய்ய வேண்டிய நேரம். 15 மாதம் தாண்டினால் காலாவதி. காலாவதியானால் உங்கள் மருத்துவத் தயார்நிலை 4-ஆம் வகுப்புக்கு இறங்கும். அதற்கு அர்த்தம் நீங்கள் நோயாளி என்பதில்லை, உங்கள் நிலை என்னவென்று ராணுவத்துக்குத் தெரியவில்லை என்பதுதான். பல் பரிசோதனையைத் தவறவிட்டாலும் இதே கதி. கமாண்டருக்கு மேலிடத்தில் கேட்கப்படும் எண்ணிக்கை இது என்பதால்தான் ஸ்குவாட் லீடர் அப்படி விரட்டுகிறார். அவருக்கு வேண்டியது பச்சை நிறம். படிவத்தில் நீங்கள் என்ன எழுதினீர்கள் என்பதில் அவருக்கு அக்கறையும் இல்லை, அதைப் பார்க்கும் உரிமையும் இல்லை. ஆகவே அவருடைய அவசரத்தை உங்கள் பதில்களுக்குள் கொண்டுவர வேண்டாம். “இன்று மாலைக்குள் முடித்துவிடுகிறேன் சார்ஜென்ட்” என்று சொல்லி ஒரு மணி நேரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

உட்காருவதற்கு முன்

ராணுவ அடையாள அட்டையான சி.ஏ.சி. அட்டையும் அதன் ரகசிய எண்ணும் கையில் இருக்கட்டும். வீட்டுக் கணினியில் அட்டை படிக்கும் கருவியை மாட்டிப் போராடுவதைவிட அலுவலகக் கணினியில் செய்வது நிம்மதி. ஆனால் பின்னால் யாரும் நின்று எட்டிப் பார்க்காத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பத்துப் பேரை ஒரே அறையில் வரிசையாக உட்கார வைத்து “எல்லோரும் நிரப்புங்கள்” என்று சொல்கிற வழக்கம் சில யூனிட்களில் உண்டு. பக்கத்து நாற்காலிக்காரர் திரையைப் பார்க்கிறார் என்று தெரிந்தால் யார்தான் உண்மையை எழுதுவார்கள்? அப்படி நடந்தால் பொதுவான பகுதிகளை மட்டும் நிரப்பிச் சேமித்துவிட்டு, மீதியைத் தனியாகச் செய்யுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு தாளில் நாலு விஷயம் குறித்துக்கொள்ளுங்கள். கடந்த ஒரு வருடத்தில் யூனிட்டுக்கு வெளியே பார்த்த மருத்துவர்கள். சாப்பிடும் மருந்துகள், மாத்திரை அளவோடு. குடும்பத்தில் யாருக்கு என்ன நோய், எந்த வயதில் வந்தது. இன்னும் விட்டுப்போகாத வலிகள், எப்போது, என்ன செய்யும்போது தொடங்கியது என்பதோடு.

நம் ஆட்கள் இதில் மறப்பது ஊர்ப் பயணத்தை. விடுமுறையில் மதுரைக்குப் போனபோது டெங்கு வந்து நாலு நாள் ஆஸ்பத்திரியில் படுத்தது, சென்னையில் மலிவாக ரூட் கெனால் செய்துகொண்டது, எல்லாம் கணக்கில் சேரும். டிஸ்சார்ஜ் சீட்டை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ராணுவப் பல் மருத்துவருக்கு உங்கள் சென்னை எக்ஸ்ரே பெரிய உதவி.

இன்னொன்று, காசநோய்ப் பரிசோதனை. இந்தியாவிலோ இலங்கையிலோ பிறந்தவர்களில் பெரும்பாலோருக்குக் குழந்தையிலேயே பி.சி.ஜி. ஊசி போட்டிருப்பார்கள், தோளில் தழும்பு இருக்கும். தோலில் போடும் காசநோய்ப் பரிசோதனை அந்த ஊசியால் தவறாக ‘பாசிட்டிவ்’ காட்டலாம். ரத்தத்தில் செய்யும் இக்ரா பரிசோதனைக்கு அந்தக் குழப்பம் கிடையாது. “எனக்கு பி.சி.ஜி. போட்டிருக்கிறது, ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்” என்று முதலிலேயே சொல்லிவிட்டால் தேவையில்லாத அலைச்சலும், சமயத்தில் தேவையில்லாத மாத்திரையும் மிச்சம்.

கேள்விகளுக்குள் போகலாம்

ஒவ்வொரு கேள்வியிலும் ஒரு காலவரம்பு ஒளிந்திருக்கும். “கடந்த இரண்டு வாரங்களில்”, “கடந்த ஒரு மாதத்தில்”, “கடந்த ஓராண்டில்”, “எப்போதாவது”. இதைக் கவனிக்காமல் பதில் சொல்வதுதான் நான் பார்த்ததில் மிகப் பொதுவான தவறு. மனச்சோர்வுக் கேள்விகள் இரண்டு வாரத்தைக் கேட்கும். அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநிலைக் கேள்விகள் ஒரு மாதத்தைக் கேட்கும். மதுக் கேள்விகள் ஓராண்டைக் கேட்கும். பத்து மாதத்துக்கு முன் பாட்டி இறந்தபோது அழுததை இரண்டு வாரக் கேள்வியில் எழுத வேண்டியதில்லை. போன வாரம் நாலு நாள் தூக்கமே வராததை, “அது வழக்கமாக நடப்பதில்லையே” என்று விட்டுவிடவும் கூடாது.

மதுக் கேள்விகள் மொத்தம் மூன்று. எத்தனை நாளுக்கு ஒருமுறை குடிக்கிறீர்கள், குடிக்கும் நாளில் எத்தனை, ஒரே அமர்வில் ஆறு அல்லது அதற்குமேல் எத்தனை முறை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். ஆண்களுக்கு 4-ம் பெண்களுக்கு 3-ம் வந்தால் கவனிக்க வேண்டும் என்பது இந்த மூன்று கேள்விகளுக்கான பொதுவான கணக்கு. இதில் சிக்கல் “ஒரு டிரிங்க்” என்பதன் அளவு. அமெரிக்கக் கணக்கில் அது 14 கிராம் ஆல்கஹால்: சாதாரண பீர் என்றால் 355 மில்லி, ஒயின் 150 மில்லி, விஸ்கி 45 மில்லி. நம் ஊரில் ‘லார்ஜ்’ என்று ஊற்றுவது 60 மில்லி. ஆக இரண்டு லார்ஜ் என்று நீங்கள் நினைப்பது இவர்கள் கணக்கில் இரண்டரைக்கும் மேல். அறை நண்பன் கண்ணளவில் ஊற்றினால் கணக்கே இல்லை.

காது. சுடும் பயிற்சி முடிந்து ராத்திரி படுத்ததும் காதில் ‘ஙொய்’ என்று ரீங்காரம் கேட்கிறதா? எழுதுங்கள். எல்லோருக்கும் கேட்கிறது, இதெல்லாம் ஒரு விஷயமா என்று விடாதீர்கள். முன்னாள் படையினருக்கு வி.ஏ. எனும் நலத்துறை அங்கீகரிக்கும் குறைபாடுகளில் மிகப் பரவலானது இந்தக் காது ரீங்காரம்தான்.

தலையில் அடி. வண்டி குலுங்கி மோதியது, பாராசூட்டில் இறங்கும்போது தலை தரையில் பட்டது, பக்கத்தில் வெடித்தது. நினைவு தப்பவில்லை என்றாலும் கொஞ்ச நேரம் குழப்பமாக இருந்ததா, பொறி பறந்ததா என்று கேட்பார்கள். அதற்கும் ஆமாம் என்பது சரியான பதிலே.

இங்கே ஒரு மொழிச் சிக்கலைச் சொல்லியாக வேண்டும். தமிழில் நாம் ‘மயக்கம்’ என்ற ஒரே சொல்லால் பல விஷயங்களைச் சொல்கிறோம். தலை சுற்றினாலும் மயக்கம், குமட்டினாலும் மயக்கமாக வருகிறது, கண் இருண்டு கீழே விழுந்தாலும் மயக்கம். படிவத்தில் இவை வேறு வேறு கட்டங்கள். நினைவு தவறிக் கீழே விழுந்தேன் என்று குறித்தால் இதயம், மூளை என்று ஒரு சுற்றுப் பரிசோதனையும், அது முடியும்வரை வண்டி ஓட்டத் தடையும் வரலாம். வெயிலில் ஓடித் தலை கிறுகிறுத்தது என்பது வேறு. எது நடந்ததோ அதற்குரிய கட்டத்தைத் தேடிக் குறியுங்கள். அதே மாதிரி ‘உடம்புச் சூடு’, ‘வாயு’, ‘நெஞ்சு அடைக்கிற மாதிரி’ எல்லாம் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால் எதிரில் இருப்பவர் காய்ச்சல் என்றோ மாரடைப்பு என்றோ எழுதிக்கொள்வார். எங்கே, எப்போது, எவ்வளவு நேரம், என்ன செய்தால் அடங்குகிறது என்று உடைத்துச் சொல்லுங்கள்.

குடும்ப நோய் வரலாறு. “அப்பாவுக்குச் சர்க்கரை, அது எல்லோருக்கும் இருப்பதுதானே” என்று நாம் தாண்டிப் போய்விடுகிறோம். தெற்காசியர்களுக்குச் சர்க்கரை நோயும் இதய நோயும் குறைந்த வயதில், குறைந்த எடையிலேயே வருகின்றன. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் மற்றவர்களுக்குப் பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 25-ல் பரிசோதிக்கச் சொன்னால் ஆசிய வம்சாவளியினருக்கு 23-லேயே சொல்கிறது. எதிரில் இருக்கும் 24 வயது மருத்துவ உதவியாளருக்கு இது நினைவில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நீங்கள் எழுதினால்தான் அவர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதுவார்.

சத்துப் பொடிகள், மாத்திரைகள். ஜிம்மில் குடிக்கும் பொடி முதல் அம்மா கட்டிக் கொடுத்தனுப்பிய சூரணம், லேகியம் வரை எல்லாவற்றையும் எழுதுங்கள். சில நாட்டு மருந்துகளில் ஈயம் போன்ற உலோகங்கள் கலந்திருப்பது பலமுறை கண்டறியப்பட்டிருக்கிறது. கஞ்சாச் செடியிலிருந்து வரும் சி.பி.டி. எண்ணெய், ஹெம்ப் எனும் கஞ்சா இனச் செடியின் விதைப் பொருள் எதுவும், கடையில் சட்டப்படி விற்றாலும், ராணுவத்தினருக்குக் கிடையாது. இந்த இடத்தில் நம் சமையலறைக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு: கசகசா. சில வகைக் கசகசாவில் கோடீன் எச்சம் அதிகமாக இருந்து சிறுநீர்ப் பரிசோதனையில் சிக்கலாகிறது என்று 2023 பிப்ரவரியில் பாதுகாப்புத் துறையே படையினரைக் கசகசாவைத் தவிர்க்கச் சொன்னது. குருமாவுக்கு முந்திரியும் தேங்காயும் அரைத்தால் போதும் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். என் அத்தை இதை இன்றுவரை நம்பவில்லை.

ஒன்றை மட்டும் நிதானமாகச் செய்யுங்கள். சேரும்போது மெப்ஸ் மருத்துவப் பரிசோதனையில் மறைத்த ஏதாவது இருந்தால், உதாரணமாக 13 வயதுக்குப் பிறகும் இருந்த ஆஸ்துமா, அதை இப்போது பி.ஹெச்.ஏ.-வில் திடீரென்று எழுதும் முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள். பொய் சொல்லிச் சேர்ந்தது ராணுவச் சட்டப்படி குற்றம், இப்போது மறைத்தால் பொய் வாக்குமூலம் என்று இன்னொரு குற்றம். டிரையல் டிஃபென்ஸ் சர்வீஸ் என்ற பிரிவில் ராணுவமே உங்களுக்கு இலவசமாக வழக்கறிஞரைக் கொடுக்கிறது. நீங்கள் சொல்வது அவரோடு நிற்கும். “சேர்த்துவிட்ட ரெக்ரூட்டர்தான் எழுத வேண்டாம் என்றார்” என்பது எந்த இடத்திலும் எடுபடாத வாதம்.

அடுத்து வரும் அழைப்பு

படிவத்தை அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஒரு மருத்துவப் பணியாளர் உங்கள் கோப்பைப் புரட்டுவார். மனநலப் பகுதிக்காக ஒருவர் உங்களோடு நேரில், போனில் அல்லது வீடியோவில் பேசுவார். அதன் பிறகு மருத்துவரோ பி.ஏ. எனும் மருத்துவருக்கு அடுத்த நிலை மருத்துவப் பணியாளரோ பார்த்துக் கையெழுத்திட்டால்தான் கட்டம் பச்சையாகும். தெரியாத எண் என்று அழைப்பை எடுக்காமல் விட்டு, ஒரு மாதம் சிவப்பிலேயே கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பேசுபவர் சோதனை போடுவதில்லை. நீங்கள் ஆமாம் என்று குறித்தவற்றை ஒவ்வொன்றாகக் கேட்பார். “தூக்கம் சரியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், எவ்வளவு நேரம் தூங்குகிறீர்கள்?” என்பார். எண்ணிலேயே பதில் சொல்லுங்கள்: “வாரத்தில் நாலு நாள், நாலு மணி நேரம்.” நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு. யார் எப்படி இருக்கிறாய் என்று கேட்டாலும், “ஏதோ இருக்கேன்”, “நல்லாத்தான் இருக்கேன்” என்று சொல்லிவிட்டு, அவர் மறுபடி கேட்பார் என்று காத்திருப்போம். ஊரில் கேட்பார்கள். இங்கே கேட்க மாட்டார்கள். நன்றாக இருக்கிறார் என்று எழுதி அடுத்தவருக்கு போன் போடுவார்கள்.

முடிவு என்னவாகும்? பெரும்பாலும் ஒன்றுமில்லை; சிலருக்கு ஒரு பரிசோதனை, ஒரு தடுப்பூசி, ஒரு அப்பாயின்ட்மென்ட். காயம் இருந்தால் ‘ப்ரோஃபைல்’ கொடுப்பார்கள். இத்தனை நாள் ஓடக் கூடாது, இவ்வளவுக்கு மேல் தூக்கக் கூடாது என்ற எழுத்து அது. தற்காலிக ப்ரோஃபைல் வாங்கினால் கிண்டல் செய்வார்கள், உண்மைதான். “சிக் கால் (sick call) வீரன்”, அதாவது எப்போதும் மருத்துவரைப் பார்க்க ஓடுகிறவன் என்பார்கள். இரண்டு வாரம் கிண்டலைத் தாங்கினால் ஆறும் எலும்பு விரிசலை, ஓடி ஓடி ஆறு மாதத்துக்கு இழுத்துக்கொண்டவர்கள்தான் அதிகம். கமாண்டர் பார்ப்பது இந்தக் கட்டுப்பாடுகளை. அதற்குப் பின்னால் இருக்கும் உங்கள் முழு மருத்துவக் கதை அவர் மேசைக்குப் போகாது.

டிப்ளாய்மென்ட் படிவங்கள்

1991 வளைகுடாப் போருக்கு ஏறத்தாழ 7 லட்சம் அமெரிக்கப் படையினர் போனார்கள். திரும்பி வந்தவர்களில் பலருக்குக் காரணம் புரியாத சோர்வு, மூட்டு வலி, மறதி. போகும் முன் இவர்கள் எப்படி இருந்தார்கள், அங்கே எதைச் சுவாசித்தார்கள் என்று பார்த்தால் உருப்படியான பதிவே இல்லை. அதன் விளைவாக 1997-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது: போகும் முன்னும் வந்த பின்னும் ஒவ்வொருவரையும் மதிப்பிட வேண்டும். டிப்ளாய்மென்ட் படிவங்கள் அங்கிருந்துதான் வருகின்றன.

போவதற்கு முந்தைய 120 நாட்களுக்குள் டி.டி. 2795. திரும்புவதற்கு 30 நாள் முன்பிருந்து திரும்பிய 30 நாளுக்குள் டி.டி. 2796. திரும்பி 90 முதல் 180 நாட்களுக்குள் டி.டி. 2900.

மூன்றாவது எதற்கு என்று எல்லோரும் அலுத்துக்கொள்வார்கள். காரணம் எளிது. இரண்டாவதை நிரப்பும்போது நீங்கள் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருப்பீர்கள். ஆமாம் என்று ஒன்றைக் குறித்தால் விமானத்தை விட்டுவிடுவோமோ, மனைவி மக்கள் வாசலில் நிற்கும்போது நம்மைக் கிளினிக்கில் உட்கார வைத்துவிடுவார்களோ என்று எல்லாவற்றுக்கும் இல்லை போடுவீர்கள். அதோடு, வந்த புதிதில் எல்லாம் நன்றாகவே தோன்றும். பிரச்சினை மூன்று நாலு மாதம் கழித்துத்தான் தலை காட்டும். 2007-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, இராக்கிலிருந்து திரும்பிய 88,235 பேரின் படிவங்களை ஒப்பிட்டது. சில மாதங்கள் கழித்த படிவத்தில்தான் மனநலச் சிக்கல்கள் கூடுதலாகத் தெரிந்தன. சிகிச்சை தேவை என்று கண்டறியப்பட்டவர்கள் முழுநேரப் படையில் 20.3 சதவீதம், ரிசர்வ் படையில் 42.4 சதவீதம். ரிசர்வில் இருப்பவர்கள் இந்த இரண்டாவது எண்ணை ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். திரும்பிய மறுவாரமே அலுவலக வேலைக்குப் போய்விடுகிறோம், கூட இருந்தவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை. டி.டி. 2900 வரும்போது யாரும் விரட்டவும் மாட்டார்கள். நீங்களே காலண்டரில் 90-ஆம் நாளைக் குறித்துவையுங்கள்.

இந்தப் படிவங்களில் நீங்கள் மிக அக்கறையாக நிரப்ப வேண்டியது, எதற்கெல்லாம் ஆட்பட்டீர்கள் என்ற பகுதி. குப்பை எரிக்கும் குழிகளின் புகை, மணல் புயல், டீசல் புகை, பூச்சிமருந்து, குண்டு வெடிப்பு. எந்த முகாம், எந்த மாதங்கள், குழிக்கு எவ்வளவு பக்கத்தில் தூங்கினீர்கள் என்று எழுதுங்கள். 2022 ஆகஸ்டில் வந்த பேக்ட் சட்டம், இந்தப் புகையால் வரக்கூடிய பல நோய்களுக்கு வி.ஏ. உதவி பெறுவதை எளிதாக்கியது. அந்த நோய்கள் இருபது வருடம் கழித்தும் வரலாம். அப்போது உங்கள் ஞாபகத்தைவிட இந்தத் தாள் பயன்படும்.

சரி, கமாண்டருக்கு என்னதான் தெரியும்?

அம்மா அப்பாக்களின் கேள்வியும் இதுதான். ராணுவத்தில் மருத்துவ ரகசியம் என்பது வெளியுலகில் இருக்கும் அளவுக்கு முழுமையானது இல்லை. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் பாதுகாப்புத் துறையின் 6490.08 என்ற விதி, மனநல உதவி நாடியவரைப் பற்றிக் கமாண்டருக்குச் சொல்லக் கூடாது என்பதையே இயல்பான நிலையாக வைக்கிறது. விலக்குகள் உண்டு: தன்னையோ பிறரையோ காயப்படுத்திக்கொள்ளும் ஆபத்து, குறிப்பிட்ட பணிக்கு ஆபத்து, ஆஸ்பத்திரியில் அனுமதி, அணு ஆயுதம் போன்ற சிறப்புப் பணிகளில் இருப்பவர்கள், போதைச் சிகிச்சைத் திட்டத்தில் முறைப்படி சேர்ப்பது, இப்படிச் சில. அப்போதும் தேவையான அளவு மட்டுமே சொல்ல வேண்டும். தூக்கம் வரவில்லை, மனைவியோடு சண்டை, மனசு கனமாக இருக்கிறது என்பதெல்லாம் இந்தப் பட்டியலில் இல்லை.

இருந்தும் பயம் இருக்கிறது, அதற்கும் ஆய்வு இருக்கிறது. 2011-ல் வெளியான ஒன்றில், இராக்கிலிருந்து திரும்பிய ஒரே படைப்பிரிவினரிடம் வழக்கமான படிவத்தையும் பெயர் எழுதாத படிவத்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். பெயரில்லாததில் மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் போன்றவை இரண்டு முதல் நாலு மடங்கு அதிகமாக வந்தன. ஆகவே நீங்கள் தயங்கினால் அதில் அதிசயம் இல்லை. தயங்கினால் வேறு கதவுகளைத் தட்டுங்கள், சும்மா மட்டும் இருக்க வேண்டாம்.

ராணுவத்தின் மதகுருவான சாப்ளினிடம் சொல்வது முழு ரகசியம். அவர் கிறிஸ்தவப் பாதிரியாராக இருந்தாலும் இந்துவோ முஸ்லிமோ நாத்திகரோ போய்ப் பேசலாம், மதம் மாற்ற மாட்டார். படையினருக்கான உதவிச் சேவையான மிலிட்டரி ஒன்சோர்ஸ் (800-342-9647) ஒரு பிரச்சினைக்கு 12 அமர்வுகள் வரை இலவச ஆலோசனை தருகிறது, அது மருத்துவக் கோப்பில் ஏறாது. மன நெருக்கடியில் அவசரம் என்றால் 988 அழைத்து 1 அமுக்குங்கள். குடி கையை மீறிப் போகிறது என்று தோன்றினால், சம்பவம் எதுவும் நடப்பதற்கு முன்பே நீங்களாகப் போனால், 2019-லிருந்து கமாண்டருக்குத் தெரிவிக்காமலே சிகிச்சை எடுக்க வழி இருக்கிறது. குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்ட பிறகு அந்த வழி மூடிவிடும். பிராண்டன் சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2018-ல் உயிரை மாய்த்துக்கொண்ட பிராண்டன் கசெர்ட்டா என்ற கடற்படை வீரரின் பெற்றோர் போராடிக் கொண்டுவந்தது. அதன்படி, காரணம் சொல்லாமலே உங்கள் மேலதிகாரியிடம் மனநல மதிப்பீடு கேட்கலாம். அவர் அனுப்பியாக வேண்டும்.

செக்யூரிட்டி கிளியரன்ஸ், அதாவது ரகசியத் தகவல்களைக் கையாளும் அனுமதி, போய்விடுமா என்பது அடுத்த பயம். ஆலோசனைக்குப் போனது மட்டும் கிளியரன்ஸைப் பறிப்பதில்லை. கடன் அடைக்காததும் பொய் சொன்னதும்தான் அதிகம் பறித்திருக்கின்றன.

அசிமத் செக் பற்றிச் சுருக்கமாக

ஜெனரல் ஜார்ஜ் கேசி தலைமைத் தளபதியாக இருந்தபோது, இராக், ஆப்கானிஸ்தான் போர்களின் நடுவே, மன உறுதியையும் உடற்பயிற்சி மாதிரிப் பழக்கலாம் என்ற எண்ணத்தில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழக உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனின் கருத்துகள் அதன் அடித்தளம். 2009-ல் வந்த ‘காட்’ 105 கேள்விகளோடு இருந்தது. ஆன்மிகப் பகுதியை வைத்துப் பெரிய சர்ச்சையும் நடந்தது. கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் குறைந்த மதிப்பெண் வாங்கிக் கொதித்தார்கள். அதற்கடுத்து வந்ததே அசிமத் செக். பயிற்சிக் கட்டாயங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், இந்த வருடம் இது உங்கள் பட்டியலில் இருக்கிறதா என்று டிரெய்னிங் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். என் கருத்தைக் கேட்டால், இதை வைத்துப் பெரிய ஞானம் எதுவும் எனக்கு வந்ததில்லை. ஆனால் யாரும் படிக்காத இடம் என்பதால் உண்மையாகப் பதில் சொல்லிப் பழக நல்ல இடம். பி.ஹெச்.ஏ.-வுக்கு ஒரு வாரம் முன் இதைச் செய்து பாருங்கள், எந்தக் கேள்வியில் கை தயங்குகிறது என்று தெரிந்துவிடும்.

கடைசி வேலை: பிரதி

ஒவ்வொரு முறையும் முடித்த படிவத்தைப் பி.டி.எஃப். ஆக இறக்கி, ஆண்டுவாரியாக உங்கள் சொந்தக் கணினியில் வையுங்கள். ராணுவத்தின் இணையதளங்கள் மாறும், பழைய கணக்குகள் மூடப்படும், உங்களுடைய சி.ஏ.சி. அட்டை வெளியேறும் நாளில் செத்துவிடும். நேஷனல் கார்டில் இருப்பவர்கள், பயிற்சி நாட்களில் அடிபட்டால், பணியின்போதுதான் அடிபட்டது என்று காட்டும் ‘லைன் ஆஃப் டியூட்டி’ தாளையும் சேர்த்து வாங்கி வைக்க வேண்டும். அது இல்லாமல் சனிக்கிழமை டிரில்லில் உடைந்த கால், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உடைந்த காலாகிவிடும்.

வெளியேறுவதற்கு 180 முதல் 90 நாள் முன்பே வி.ஏ.-வில் விண்ணப்பிக்கலாம். நான் அப்போதுதான் என் கோப்பை முதன்முறையாக முழுதாகப் படித்தேன். முழங்காலில் அடிபட்டது என் முதல் வருடத்தில், மழை நாளில், முதுகில் மூட்டையோடு 12 மைல் நடையின்போது. அந்த வருடப் படிவத்தில் மூட்டு வலி உண்டா என்ற கேள்விக்கு நேரே ‘இல்லை’ என்று இருந்தது. அடுத்த கேள்விக்கும் இல்லை, அதற்கடுத்ததற்கும் இல்லை. விண்ணப்பத்தில் உதவ வந்தவர் முதல் வருடப் படிவத்தையும் இரண்டாம் வருடப் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, “இதன்படி உங்கள் முழங்கால் இரண்டாம் வருடத்தில்தான் வலிக்கத் தொடங்கியிருக்கிறது” என்றார்.